எஞ்சின் எண்ணெய்க் கசிவும் ஊற்று மருந்தும்

கமுதி தாலுகாவில் மிளகாய் பயிரிடும் குடியானவர்கள், ஐப்பசி கார்த்திகை மழைநீரைக் கண்மாயிலும் பண்ணைக் குட்டையிலும் தேக்கி, தை மாசியில் பயிர் பூத்துக் காய்க்கும் தருணத்தில் டீசல் எஞ்சினால் இறைத்துப் பாய்ச்சுகின்றனர். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு இத்தருணத்து ஒரு தண்ணீரே பல சமயங்களில் விளைவை நிர்ணயிக்கிறது. அவ்வேளையில் எஞ்சின் நின்றுவிட்டால் நேரும் நஷ்டம் யாவரும் அறிந்ததே.

எஞ்சினில் குடியானவர் பெரிதும் அலட்சியம் செய்வது எண்ணெய்க் கசிவு. சொட்டுத்தானே என்றிருந்து, எண்ணெய் வற்றி, பேரிங்கு தேய்ந்து, கிராங்க் ஷாப்டு கீறிப்போன பின்னரே பட்டறையை நாடுவோர் உளர். எஞ்சினைப் பிரிக்காமலே கசிவை நிறுத்துமென்று, எண்ணெயுடன் கலந்து ஊற்றும் திரவ மருந்துகள் கடைகளில் விற்கப்படுகின்றன. அவை முழுப் பொய்யும் அல்ல; சர்வரோக நிவாரணியும் அல்ல.

கிராங்க் ஷாப்டு வெளிவரும் இடத்தில் எண்ணெயைத் தடுக்க ரப்பர் ஸீல் பொருத்தியிருப்பர். உஷ்ணத்தாலும் நாட்பட்டதாலும் ரப்பர் இறுகிச் சுருங்க, அதன் விளிம்பு தண்டைத் தழுவாமல் விலகுகிறது, எண்ணெய் கசிகிறது. இம்மருந்துகளுட் பல ரப்பரினுள் ஊறி, அதனைச் சற்றே உப்பச் செய்து மென்மையாக்குகின்றன. காய்ந்த கமலைத் தோலுக்கு எண்ணெயிட்டுப் பதப்படுத்துவதை ஒத்தது இது. கிழிந்த தோலை எண்ணெய் தைத்துவிடாது. அவ்வாறே கிழிந்த ஸீல், தளர்ந்த போல்ட்டு, நைந்த காகிதப் பாக்கிங், வெடித்த வார்ப்பு ஆகியவற்றுக்கு இம்மருந்தால் பிரயோஜனம் இல்லை. பழைய மெதுவோட்ட எஞ்சின்கள் சிலவற்றில் ரப்பர் ஸீலே இராது. அவற்றில் ஊற்றுவது வீண் செலவு.

ஆகையால் முதலில் கசியும் இடத்தைக் காணவேண்டும். எஞ்சின் ஆறியிருக்கையில் அதன் வெளிப்புறத்தைத் துணியால் நன்கு துடைத்து, ஐயமுள்ள இடங்களில் சாக்குக்கட்டித் தூளைத் தூவி, அரைமணி நேரம் ஓட்டினால் ஈரம் பட்ட இடம் தானே தெரியும். சுழலும் பாகங்களின் அருகே துணியோ கையோ செல்லலாகாது. போல்ட்டுகளை முறுக்கிப் பார்ப்பதுடன், எஞ்சினின் மூச்சுக்குழாயையும் சோதிக்க வேண்டும். கரிசற் புழுதி அதனை அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் மிகுந்து, நல்ல ஸீல் வழியாகவும் எண்ணெய் பிதுங்கும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினாலும் கசிவு காணும். இவ்விரண்டுக்கும் செலவு யாதுமில்லை.

ஸீல் இறுகியதே காரணமெனத் தெரிந்தால், டப்பாவிற் குறித்த அளவு மட்டும் ஊற்றலாம். பலன் சில நாள் ஓட்டிய பின்னரே தெரியும். அளவு மிஞ்சினால் ரப்பர் குழைந்து அடியோடு கெடும். ரேடியேட்டர் ஒழுக்குக்கென்று விற்கும் மருந்தை எண்ணெயில் கலப்பது பெருந்தவறு. எண்ணெய் செல்லும் நுண்வழிகளை அது அடைத்துவிடக் கூடும். மருந்தால் நின்ற கசிவு அறுவடை வரைக்கும் தாங்கினாலே போதுமெனக் கொண்டு, பங்குனிக்குப் பின் எஞ்சின் ஓய்ந்திருக்கையில் புது ஸீல் மாற்றிவிடுவதே முறை.

அதுவரை நாள்தோறும் ஓட்டுமுன் அளவுக் கம்பியைப் பார்த்தல் வேண்டும். எஞ்சினின் கீழே தகரத் தட்டு ஒன்று வைத்தலும் அவசியம். கண்மாய்க் கரையிற் சொட்டும் எண்ணெய் நீரின்மேற் படர்கிறது. அந்நீரையே கால்நடைகள் குடிக்கின்றன. கிராம அதிகாரிகள் இதனைக் கவனித்து, கரையோரத்து எஞ்சின்களுக்குத் தட்டு வைக்கும்படி சொல்லலாம்.