துக்க வீட்டில் நீட்டப்படும் டம்ளர்

குடியை விட்ட ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால், பாடை கட்டும் நேரத்திலேயே கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டு அவர் கையில் டம்ளரைத் திணிக்க ஆள் இருக்கிறது. "பெத்தவரே போயிட்டாரு, இன்னிக்கு ஒரு நாள் குடிச்சா என்ன?" கேட்பவர் கெட்டவர் இல்லை, பங்காளியோ மச்சானோ, பாசத்தில்தான் கேட்கிறார்.

"குடிச்சாத்தான் துக்கம் ஆறும்."

ஆறாது. மது சில மணி நேரம் மனத்தை மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். போதை இறங்கும்போது பதற்றமும் சோர்வும் கூடுதலாக வரும். தூக்கம் பின்னிரவில் கலையும். இறந்தவர் இறந்தவராகவே இருப்பார். குடிநோய் உள்ளவருக்கு அந்த ஒரு நாள் பெரும்பாலும் ஒரு நாளோடு நிற்பதில்லை. அவர் குடியைத் தவிர்க்கத் தரப்படும் டைசல்பிராம் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் கொஞ்சம் குடித்தாலே வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஹெராயினை விட்டவர் துக்கத்தில் பழைய அளவையே எடுத்தால், பழக்கம் விட்டுப்போன உடம்பு தாங்காமல் மூச்சு நின்றுவிடலாம்.

1935இல் அமெரிக்காவில் தொடங்கிய, குடியை விட விரும்புவோரின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் "இன்று ஒரு நாள் மட்டும் குடிக்க மாட்டேன்" என்பார்கள். அந்த ஒரு நாளைத்தான் நாம் பாசத்தோடு பறிக்கிறோம்.

"அம்மா செத்து எட்டு வருஷம் ஆச்சு, இப்ப என்ன அழுகை?"

குடியை விட்ட சில மாதங்களில் திடீரென்று உடைந்து அழுகிறவரைப் பார்த்துக் குடும்பம் மிரண்டுவிடுகிறது. பழையபடி ஆகிவிடுவாரோ என்ற பயம். ஆனால் போதையில் கொள்ளி வைத்தவர் அம்மாவை அன்றைக்கு இழக்கவில்லை, இப்போதுதான் இழக்கிறார். "அன்னிக்கு நான் அழுதேனா?" என்று மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அவருக்கு. அம்மாவோடு நிற்பதில்லை அந்தக் கணக்கு. தன் கண்ணில் படாமலே வளர்ந்துவிட்ட மகள், போன வேலை, விற்ற நிலம் எல்லாம் வரிசையில் நிற்கும். இந்த அழுகை சிகிச்சை தோற்றதற்கு அடையாளம் அல்ல. மரத்துப்போன கால் உயிர் பெறும்போது குத்தும் இல்லையா, அது போல. அடக்கச் சொல்லாதீர்கள். அவர் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

"விட்டவனுக்கு எல்லாமே லாபம்தானே?"

பாட்டிலோடு சாயங்காலமும் போகிறது, சகாக்களும் போகிறார்கள். ஆறு மணிக்கு எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் உட்காருவதும் ஓர் இழப்புதான். அதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம்.

"துக்கத்துக்கு அஞ்சு கட்டம், தாண்டினா முடிஞ்சது."

மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்தக் கட்டங்களை எழுதியது, சாகப்போவதை அறிந்த நோயாளிகளைப் பற்றி. எல்லோர் துக்கமும் அந்த வரிசையில் வராது.

"குடிகாரன் போனா வீட்டுக்கு நிம்மதி."

நிம்மதி வரலாம், அதன் பின்னாலேயே குற்றவுணர்வும் வரும். இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாமோ என்ற கேள்வி அந்த வீட்டுப் பெண்ணைத் தூங்க விடாது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்தவர். 1980இல் கணவர் பெயரிலேயே குடிநோய்ச் சிகிச்சைக்கான டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1992இல் பத்மஸ்ரீ பெற்றார். 'நிம்மதி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்குகிற துக்கமா அது?

அடுத்த முறை குடியை விட்டவர் இருக்கும் சாவு வீட்டுக்குப் போனால், அவரைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பும் வரை கூடவே இருங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, உறவுக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு வரும் சாயங்காலம்தான் மிகக் கடினம். அன்றைக்கும் ஒரு நடை போங்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீள நாடு முழுவதும் கட்டணமில்லாமல் அழைக்கக்கூடிய உதவி எண் 14446.