கல்லூரி வளாகத்தில் பசுமைப் பழக்கங்கள்

• உணவுக் கழிவு: விடுதி மெஸ்ஸில் மிஞ்சும் காய்கறித் தோல், சோறு ஆகியவற்றின் மேல் இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகைப் போட்டு, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் சில மாதங்களில் உரமாகிவிடும். குவியல் நாறினால் ஈரம் அதிகம் என்று பொருள். இன்னும் கொஞ்சம் சருகு சேர்க்க வேண்டும்.

• மின்சாரம்: பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 28 முதல் 35 வாட் போதும். பழுதானவற்றை மாற்றும்போது இவ்வகையை வாங்குவது நல்லது.

• தண்ணீர்: ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரைத் தொட்டியில் பிடித்து, தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். உப்பு மிகுந்த நீரென்பதால் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றக் கூடாது.

• பிளாஸ்டிக்: ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளும் குவளைகளும் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. கல்லூரி விழாக்களுக்கு எவர்சில்வர் டம்ளர்களே ஏற்றவை.