மறுமுறை வரும் வாடிக்கையாளர்

ஒரு பொருளை ஒருமுறை விற்றுவிடுதல் அரிதன்று. வாங்கியவரை மறுமுறையும் வரச் செய்தலே அரிது. கையால் தொட்டுப் பார்த்து வாங்க இயலாத பொருளாயின் இஃது இன்னும் கடினமாகும். சிற்றூர் இளைஞர் ஒருவர் இணையவழியில் மின்னணு உதிரிப் பாகங்களை விற்கத் தொடங்குகிறார் எனக் கொள்வோம். வாங்குபவர் காண்பது படத்தை மட்டுமே. அவரை நிலைத்த வாடிக்கையாளராக்குவது எவ்வாறு? இதற்கு விடை நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே உள்ளது.

சங்கம் காட்டும் வழி

மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. பாம்புத்தோல் வாணிபம் 1970-களில் தடைசெய்யப்பட்டதால் பிழைப்பிழந்த இருளர்கள், தம் திறமையை உயிர் காக்கும் பணிக்குத் திருப்பினர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் தனித்தனியே எடுத்து, உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, நச்சுமுறி மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு விற்கின்றனர். வாங்குவோர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் விலகினும் பல குடும்பங்களின் வருவாய் குன்றும்.

பிடித்த பாம்பைச் சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். அண்மையில் நஞ்செடுத்த பாம்பு திரும்பவும் சிக்கினால் இவ்வடையாளம் காட்டிக்கொடுக்கும். உலர்ந்த பொடியைப் பார்த்த அளவில் அதன் தூய்மையை எவராலும் கூற இயலாது. ஆகவே பதிவேடும் விற்பவர் நாணயமுமே வாங்குவோருக்குத் துணை.

ஒன்றை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். ஒரே இனப் பாம்பாயினும் அதன் நஞ்சு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுகிறது என்றும், அதனால் மருந்து சில இடங்களில் குறைவாகவே பயன் தருகிறது என்றும் ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். எனவே பழைய நற்பெயர் மட்டும் போதாது. வாங்குவோரின் புதிய தேவையையும் அறிந்து நடத்தல் வேண்டும்.

நாம் கொள்ள வேண்டியவை

மின்னணுப் பாகங்கள் விற்பவருக்கும் இதுவே பாடம். முதலாவது, பொருளின் அளவையும் தரத்தையும் உள்ளது உள்ளபடியே கூறுக. இருப்பில் இல்லாததை உண்டு என்னற்க. இரண்டாவது, ஒவ்வோர் உறையிலும் பெயரும் மதிப்பும் எழுதுக. எந்தச் சரக்கு எவரிடம் வாங்கப்பட்டு எவருக்குச் சென்றது எனக் குறித்து வைத்திடுக. ஒருவருக்குச் சென்ற பாகம் பழுதெனத் தெரிந்தால், அதே சரக்கை வாங்கிய பிறருக்கு அவர் கேட்குமுன் அறிவித்து மாற்றித் தருக. இதனால் ஏற்படும் செலவு சிறிது. கிடைக்கும் நம்பிக்கை பெரிது. மூன்றாவது, வாடிக்கையாளர் கேட்டும் நம்மிடம் இல்லாத பொருள்களைக் குறித்து வைத்து, அடுத்த கொள்முதலில் சேர்த்திடுக.

விதை, தேன், கைவினைப் பொருள் விற்கும் மகளிர் குழுக்களுக்கும் இவை பொருந்தும். ஊராட்சி உறுப்பினர்கள் தம் ஊர்க் குழுக்களுக்குக் கடன் பெற்றுத் தருவதோடு நில்லாது, ஒரு பதிவேட்டையும் வாங்கித் தந்து அதனை எழுதும் முறையையும் பழக்குவார்களாக!