பக்கத்து வீட்டுச் சண்டை, எஃப்.ஐ.ஆரில் உங்கள் பெயர்

காம்பவுண்டு சுவருக்கோ சாக்கடைத் தண்ணீருக்கோ தொடங்கிய வாய்ச்சண்டை கைகலப்பாகிறது. ராத்திரியே ஒருவர் ஜி.எச்.சில் அட்மிட். மறுநாள் காலை எழுதப்படும் புகாரில் நாலு பெயர் இருக்கும்: அடித்தவர்கள் இரண்டு பேர், விலக்கிவிட்டவர் ஒருவர், அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவர் ஒருவர். அந்த மூன்றாவது ஆளோ நாலாவது ஆளோ நீங்களாக இருந்தால் என்ன செய்வது?

பெயர் தவறிப்போகச் சாதாரணக் காரணங்களே போதும். ஒரே தெருவில் மூன்று முருகன்கள் இருப்பார்கள். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியலை வாய்மொழியில் யாரும் சொல்வதில்லை. எதிர்வீட்டு ஆண்கள் அத்தனை பேரையும் சேர்த்தால்தான் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருவார்கள் என்ற கணக்கும் உண்டு. இது தெரியாத தவறு இல்லை, தெரிந்தே செய்வது. ஆனால் ஆரம்பத்தில் இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

எஃப்.ஐ.ஆரில் ஏறிய பெயரைக் குறைந்த செலவில் இறக்கக்கூடிய இடம் விசாரணை அதிகாரியின் மேசை. குற்றப்பத்திரிகை தாக்கலாகும்வரைதான் அந்த வாய்ப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு படிக்கும் வக்கீல் பீஸ், வாய்தா, வருஷங்கள்.

காகிதத்தைக் கையில் வாங்குங்கள்

"உன் மேல் கேஸ் ஆகியிருக்கிறதாம்" என்ற தெருப்பேச்சை நம்பிப் பதறவும் வேண்டாம், அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். மட்டும் போட்டிருக்கலாம், அது புகார் வந்ததற்கான ரசீது, வழக்கு இல்லை. எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்ற வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டால் நகல் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டிருக்கிறது.

நகல் வந்ததும் 3ஆம் கலத்தைப் பாருங்கள். சம்பவம் எப்போது நடந்தது, தகவல் ஸ்டேஷனுக்கு எப்போது வந்தது என்ற இரண்டு நேரங்களும் அங்கே இருக்கும். இடைவெளி அதிகமானால் தாமதத்துக்கான காரணம் 8ஆம் கலத்தில் இருக்க வேண்டும். அது பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். 7ஆம் கலத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விவரம். உங்கள் பெயரோடு தகப்பனார் பெயர், வயது, முகவரி பொருந்துகிறதா, பெயர் மட்டும்தானா என்று பாருங்கள். கடைசியாக, புகாரில் நீங்கள் என்ன செய்ததாக எழுதியிருக்கிறது என்று படியுங்கள். "மேற்படி நபர்கள் அனைவரும் சேர்ந்து" என்ற ஒற்றை வரிதான் என்றால் உங்களுக்கு நல்லது.

இதைவிட முக்கியமான காகிதம் ஒன்று ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அடிபட்டு வந்தவரிடம் டாக்டர் முதலில் கேட்டு எழுதும் விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி. "தெரிந்த நபர்கள் இருவர் கையால் தாக்கியதாக" என்று அதில் இருந்து, எஃப்.ஐ.ஆரில் நாலு பேர் கட்டையோடு வந்ததாக இருந்தால், மீதி இரண்டு பேர் ராத்திரிக்கும் காலைக்கும் நடுவில் முளைத்தவர்கள். உங்கள் வக்கீல் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

பிரிவுகளைப் பிரித்துப் பாருங்கள்

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டதால் எண்கள் மாறிவிட்டன. தெருச்சண்டை வழக்குகளில் வழக்கமாக விழும் 294(பி), 323, 506 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 351. ஆயுதத்தால் காயம் என்றால் 118(1). பழைய 324இல் ஜாமீன் உரிமையாகக் கிடைத்தது, இதில் அப்படியில்லை. எதிர்த்தரப்பில் பெண் இருந்தால் 1998ஆம் ஆண்டின் பெண் வன்கொடுமைத் தடைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் சேரும். அதுவும் ஜாமீனில் விடமுடியாத குற்றம்.

எல்லாம் ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகளாக இருந்தால் முன்ஜாமீன் மனுவுக்கு இடமே இல்லை. ஸ்டேஷன் பெயில் போதும். அப்படியில்லை என்றால் உடனே செஷன்ஸ் கோர்ட்டில் முன்ஜாமீன் கேளுங்கள். பழைய ஆட்கள் "482 போடலாம்" என்றால் ஹைகோர்ட்டில் வழக்கை ரத்து செய்யக் கேட்பது என்று அர்த்தம். புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 482 என்பது முன்ஜாமீன். ரத்து மனு 528. வக்கீலிடம் பேசும்போது எந்த 482 என்று கேட்டுக்கொள்ளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

ஆதாரம் அழிவதற்குள்

சிசிடிவி பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்து புதியவை ஏறிவிடும். எனவே வக்கீலைப் பார்க்கும் அன்றைக்கே மூலை மளிகைக்கடைக்கும் போங்கள். கடைக்காரர் பென் டிரைவில் கொடுத்தால் மட்டும் போதாது. மின்னணு ஆவணத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் கேமரா வைத்திருப்பவரின் கையெழுத்து தேவைப்படும். தர மறுத்தால், எந்தக் கடை, எந்தக் கேமரா, எந்த நேரம் என்று குறிப்பிட்டு அதைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கொடுங்கள். வேலை செய்யும் இடத்தின் பயோமெட்ரிக் வருகை, பாஸ்டேக் கட்டணம், முன்பதிவு செய்த பஸ் டிக்கெட், ஜிபே பரிவர்த்தனை எல்லாம் பயன்படும். வீட்டுக்காரர்களின் சாட்சியைவிட இவற்றுக்கு எடை அதிகம்.

பெயர்க் குழப்பமென்றால் ஆதார், குடும்ப அட்டை நகல்களோடு, "அந்தப் பெயரில் இதே தெருவில் வேறு நபர் இருக்கிறார்" என்று மட்டும் எழுதுங்கள். அடித்தது அவர்தான் என்று எழுதாதீர்கள்; நீங்கள் பார்க்கவில்லை.

ஸ்டேஷனுக்குப் போகும்போது

ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது அவசியமில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 35(3)இன்படி நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். முறைப்படி வந்த நோட்டீஸுக்கு வக்கீலோடு போய் ஆஜராகுங்கள். அப்படி ஒத்துழைப்பவரைக் கைது செய்ய வேண்டுமென்றால் காரணத்தைப் பதிவுசெய்தாக வேண்டும்.

விசாரணையில் போலீசார் எழுதும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடத் தேவையில்லை, சட்டமே அப்படித்தான். வெற்றுத்தாளில் கையெழுத்து, "இனி இப்படிச் செய்யமாட்டேன்" என்ற எழுத்து, இரண்டும் கூடவே கூடாது. "சும்மா ஒரு பார்மாலிட்டி சார்" என்பார்கள். இனி செய்யமாட்டேன் என்பது ஏற்கெனவே செய்தேன் என்றுதான் படிக்கப்படும்.

அமைதிக்காகப் பிணைப்பத்திரம் எழுதச் சொல்லித் தாசில்தார் அல்லது ஆர்.டி.ஓ. முன் அழைப்பதும் உண்டு. பழைய 107, இப்போது 126. குற்றவழக்கு இல்லைதான், ஆனால் பத்திரம் எழுதியபின் தெருவில் மறுபடி சண்டை வந்து அதை மீறியதாக முடிவானால் நேரே சிறை. வக்கீலைக் கேட்காமல் எழுதாதீர்கள்.

எழுத்தில் கொடுக்கும் மனு

இரண்டு பக்கம் போதும். எஃப்.ஐ.ஆர். எண், நீங்கள் யார், அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள், இணைப்பு என்னென்ன. சுவர்த் தகராறில் யார் பக்கம் நியாயம் என்பதில் ஒரு வரிகூட வேண்டாம். எழுதினால் நீங்களும் ஒரு தரப்பாகிவிடுவீர்கள். விசாரணை அதிகாரியிடம் நேரில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள். அதையே டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி.க்கும் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். சென்னை போன்ற மாநகரங்களில் உதவி ஆணையருக்கும் ஆணையருக்கும்.

நேரே ஹைகோர்ட்டில் ரத்து மனு போடலாமே என்றால், நான் சம்பவ இடத்தில் இல்லை என்பதை ஹைகோர்ட் பொதுவாக அந்த மனுவில் எடைபோடாது. கோர்ட் விசாரணையில் நிரூபி என்று திருப்பி அனுப்பும். புகாரை அப்படியே ஏற்றாலும் உங்கள்மேல் குற்றம் எதுவும் வரவில்லை என்றால் மட்டும் 528 பலன் தரும்.

மனு எடுபட்டால் பெயரை நீக்கி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை போகும், அல்லது குற்றப்பத்திரிகையில் உங்கள் பெயர் இருக்காது. எடுபடாமல் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், வாரண்ட் வழக்குகளில் ஆவண நகல்கள் கிடைத்த 60 நாட்களுக்குள் விடுவிப்பு மனு போட வேண்டும். சம்மனை மட்டும் தவறவிடாதீர்கள். அடுத்து வருவது பிடிவாரண்ட்.

நடுவில் இரு தரப்பும் சமாதானமாகி, "நீங்களும் ஒரு கையெழுத்து போட்டால் எல்லாருக்கும் சேர்த்து முடிந்துவிடும்" என்று வருவார்கள். வயதானவர் என்றால் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அரசு வேலைக்கு, குறிப்பாகப் போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன் என்றால் யோசியுங்கள். சந்தேகத்தின் பலனில் விடுதலையானதைக்கூட அந்தத் தேர்வு விதிகள் வழக்கில் சம்பந்தப்பட்டதாகவே எடுத்துக்கொள்கின்றன. அவனுக்கு வேண்டியது பெயர் நீக்கம்தான். விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்கவும் கூடாது.

பெயர் நீங்கியதும் அந்த இறுதி அறிக்கையின் சான்றிட்ட நகலைக் கோர்ட்டில் காப்பி அப்ளிகேஷன் போட்டு வாங்குங்கள். மற்றவர்கள்மேல் வழக்கு நடந்துகொண்டிருக்கும். அதில் சாட்சி யாராவது உங்கள் பெயரை மறுபடி சொன்னால் பி.என்.எஸ்.எஸ். 358ஆம் பிரிவின்படி கோர்ட் உங்களைப் புதிதாகச் சேர்க்கலாம். அந்த வழக்கின் தீர்ப்பு வரும்வரை பென் டிரைவையும் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஈ-கோர்ட்ஸ் செயலியில் மாதம் ஒருமுறை பாருங்கள்.