கொம்பு மட்டும் போதாது

வண்டுப் படத்தை நீட்டி, "ஐயா, இது என்ன?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு.

1. உணர்கொம்பின் நீளத்தை மட்டும் வைத்து, நீள்கொம்பு வண்டா இல்லையா என்று முடிவுகட்டாதீர்கள். ஏற்காட்டுக் காப்பிச் செடியைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானும் நீள்கொம்பு வண்டுக் குடும்பம்தான். அதன் கொம்போ உடம்பைவிடக் குட்டை. படத்தில் வண்டின் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது வளைந்து, கொம்பின் அடியைச் சுற்றிக்கொண்டிருக்கும். பாதத்தில் நான்கு கணுக்கள் தெரியும். உண்மையில் ஐந்து, பொடியான நான்காவது, மூன்றாவதன் இரு மடல்களுக்கு இடையில் ஒளிந்திருக்கும்.

2. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று எனப் படம் எடுங்கள். முகப்படத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நெற்றி செங்குத்தாக இறங்கி வாய் தரையைப் பார்த்தால் அது லாமினே துணைக்குடும்பமாக இருக்கலாம். உலகின் நீள்கொம்பு வண்டுகளில் பாதிக்குமேல் அதில்தான் அடக்கம். 1906இல் வெளிவந்த கேகனின் பிரிட்டிஷ் இந்திய விலங்கின நூலில் லாமினே கிடையாது. அதில் காணோம் என்பதற்காகப் புது இனம் சிக்கிவிட்டதென்று துள்ள வேண்டாம்.

3. எந்த மரம் என்று எழுதுங்கள். விளக்கடியில் வந்து விழுந்ததென்றால் அதையும் சொல்லுங்கள். ரோஜாக் கிளையைச் சுற்றிப் பட்டை வளையமாகக் கடிக்கப்பட்டிருந்தால் அந்தக் கிளையையும் படமெடுங்கள். சில வேளை வண்டைவிடக் கிளை அதிகம் பேசும்.

4. அளவு தெரிய, வண்டின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள்.

5. ஃபிளாஷ் வேண்டாம், மினுக்கத்தில் நுண்மயிர்ப் படலம் வெளுத்துவிடும். செத்த வண்டிலும் நிறம் மங்கும். ஆகவே புள்ளி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள், என்ன நிறம் என்பது பிறகு. மாமரத் தண்டுத் துளைப்பானுக்குத் தலைக்குப் பின்னுள்ள முன்மார்பில், நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு செம்மஞ்சள் புள்ளிகள். முன்மார்பின் இரு ஓரத்திலும் முள். முன்னிறக்கைகளின் தோள்பகுதியில் கறுப்புக் குருணைபோல் மேடுகள்.

6. இத்தனையும் இருந்தாலும் 'பட்டோசெரா' என்ற பேரினம்வரைதான் உறுதி. மாமரத் தண்டுத் துளைப்பானின் உடன்பிறப்பான பட்டோசெரா ரூபஸுக்கும் முன்மார்பில் அதே இடத்தில் இரண்டு புள்ளிகள் உண்டு. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் கைபேசிச் செயலி தயங்காமல் இனப்பெயரைச் சொல்லும். அதற்கென்ன, கேட்டால் எதையாவது சொல்லத்தான் செய்யும். நீங்கள் பேரினத்தோடு நிறுத்தி, இடமும் தேதியும் எழுதி வையுங்கள். இறக்கைப் புள்ளிகள் தெளிவாக விழுந்த படம் கிடைத்தால் கொண்டுவாருங்கள், மீதியைப் பார்க்கலாம்.