அடைமழைக்கு முன் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கிவிடும். மொட்டைமாடியில் தண்ணீர் போகும் வழியைச் சுத்தம் செய்யும் கையோடு, வெளிச்சுவரில் உள்ள மின்பெட்டிகளையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர், ஏசியின் அவுட்டோர் யூனிட், கேட் விளக்கின் ஜங்ஷன் பாக்ஸ், இந்த மூன்றும் முக்கியம். மழை பிடித்துக்கொண்டால் பல்லியும் எறும்பும் சுண்டெலியும் காய்ந்த இடம் தேடும். இந்தப் பெட்டிகள் காய்ந்தும் இருக்கும், இளஞ்சூடாகவும் இருக்கும். ரிமோட்டில் அணைத்த பிறகும் பல ஏசிகளின் போர்டில் கரண்ட் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் விலாவாரியாகச் சொல்கிறது. பிசிபி போர்டில் விழுந்தால் என்ன என்பது மட்டும் அதில் இல்லை. பல்லியின் உடல் ஈரம் இரண்டு டெர்மினல்களை இணைத்துவிடும். பல்லி சாகும், போர்டு கருகும். பூச்சி, பல்லியால் வரும் பழுதைப் பல கம்பெனிகள் வாரண்டியில் சேர்ப்பதில்லை. கார்டை எடுத்து ஒருமுறை படித்து வையுங்கள்.

பல்லியை விரட்டுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அது எதற்காக அங்கே வருகிறது என்று பாருங்கள். முதல் மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும். ஈசல் விளக்குக்கு வரும். பல்லி ஈசலுக்கு வரும். நம் வீடுகளில் வாசல் விளக்கை மீட்டர் பெட்டிக்கு நேர் மேலே மாட்டுவது ஏனோ ஒரு வழக்கமாகிவிட்டது. விளக்கைச் சில அடி தள்ளி மாட்டுங்கள். முடியாவிட்டால் வெள்ளை பல்பைக் கழற்றி மஞ்சள் நிற எல்இடி போடுங்கள், பூச்சி குறையும்.

அடுத்தது ஓட்டை. பெட்டியில் ஐபி 20 என்று போட்டிருந்தால், 12.5 மி.மீ.க்கு மேல் தடிமனான பொருள் உள்ளே போகாது என்று அர்த்தம். அதாவது நம் விரல் போகாது. பல்லிக்குஞ்சுக்கு அதில் பாதி இடுக்கே தாராளம். மழைத் தண்ணீரையும் அந்தப் பெட்டி தடுக்காது. வெளியே மாட்டும் பெட்டி ஐபி 54 அல்லது 55 ஆக இருக்கட்டும். நல்ல பெட்டி வாங்கிவிட்டு வயர் நுழையும் ஓட்டையைத் திறந்து விட்டால் வாங்கியதற்கே பயனில்லை. ஒவ்வொரு கேபிளுக்கும் அளவான கிளாண்ட் போடச் சொல்லுங்கள். பயன்படாத ஓட்டைகளுக்கு மூடி போடுங்கள். பெட்டிக்குள் வரும் பிவிசி பைப்பின் வாயைச் சிலிக்கான் சீலன்ட் கொண்டு அடையுங்கள். எலிக்குப் பயந்து பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணிக்கிறார்கள். மின்பெட்டியில் அது கூடவே கூடாது. அதன் இழை ஒன்று உதிர்ந்து டெர்மினலில் விழுந்தாலே ஷார்ட்தான். பெட்டியின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை இருந்தால் அதை அடைக்காமல் வெளிப்பக்கம் கொசுவலைத் துண்டு ஒட்டுங்கள். அவுட்டோர் யூனிட்டின் காற்றுக் கிரில்லில் மட்டும் வலை கட்டாதீர்கள். காற்றோட்டம் தடைப்பட்டு கம்ப்ரசர் திணறும்.

எறும்புதான் ஸ்டார்ட்டருக்கு உண்மையான எதிரி. மோட்டார் போடும்போது காண்டாக்டரின் பாயிண்டுகள் ஒன்றோடொன்று பதிய வேண்டும். நடுவில் எறும்பு நசுங்கிக் கரியாகப் படிந்தால் சரியாகப் பதியாது. மூன்று ஃபேஸில் ஒன்று விட்டுப்போய், மோட்டார் உறுமிக்கொண்டு சூடாகி, காயில் எரியும். நெருப்பெறும்பு போன்ற சில வகைகள் சாகும்போது விடும் வாசனை மற்ற எறும்புகளையும் கூட்டிவரும். ஒன்றில் தொடங்கியது பெட்டி நிறைய ஆகிவிடும். ஸ்விட்சு போட்டதும் மோட்டார் வேறு மாதிரிச் சத்தம் போட்டால் உடனே அணையுங்கள். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பது மோட்டாரைக் கொல்லும் வேலை.

மூடியைத் திறக்கும் முன் மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரையும் கழற்றுங்கள். அப்போதும் மெயினுக்கு வரும் பக்கத்து வயரில் கரண்ட் இருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்க்கத் தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது நல்லது. ஏசியின் கப்பாசிட்டரில் அணைத்த பிறகும் சார்ஜ் தங்கியிருக்கும் என்பதால் அவுட்டோர் யூனிட்டை மெக்கானிக்கிடமே விடுங்கள். உள்ளே செத்த பல்லியோ, மூலையில் ஒட்டிய இரண்டு வெள்ளை முட்டைகளோ கிடந்தால், எல்லாம் அணைத்த பிறகு காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

பூச்சி ஸ்ப்ரேயைப் பெட்டிக்குள் அடிக்காதீர்கள். அதில் உள்ள வாயு தீப்பிடிக்கக்கூடியது. காண்டாக்டரில் ஒரு பொறி பறந்தால் போதும். அந்துருண்டையின் ஆவியும் எரியக்கூடியதே, குழந்தைகளுக்கு விஷமும்கூட. எறும்பு மருந்து வைக்க வேண்டுமென்றால் பெட்டிக்கு வெளியே, சுவரடியில் அவை வரும் பாதையில் வையுங்கள். பெட்டியைத் தொடும் செடிகொடியையும் வெட்டிவிடுங்கள். அணிலுக்கும் எறும்புக்கும் அதுதான் பாலம்.

மின்வாரிய மீட்டருக்குள் பல்லியோ குளவிக் கூடோ தெரிந்தால் சீலில் கை வைக்காதீர்கள். பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள், அல்லது மின்னகம் எண் 94987 94987-ஐ அழையுங்கள். பேசும்போது மின் இணைப்பு எண் கையில் இருக்கட்டும்.