கேட்கும் செவி: இணையவழியிற் கிற்றார் பயில்வோர்க்குச் சில குறிப்புகள்

நரம்புக் கருவி தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை யாழாசிரியனுக்கு இருக்கவேண்டிய தகுதிகளைத் தனியே வகுத்துரைக்கின்றது. பேரியாழ் 21 நரம்புகளையும் செங்கோட்டியாழ் 7 நரம்புகளையும் உடையன என்பர் உரையாசிரியர். அவ்வியாழ் பின்னாளில் வழக்கொழிந்தது. மீட்டிக் காட்டுவாரும் இலர், கற்பிப்பாரும் இலர். எனினும் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பழைய நூல்களையும், கணக்கியலையும், தம் செவியையும் துணையாகக் கொண்டு பல்லாண்டு ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் ‘யாழ்நூல்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே அடிகள் மறைந்தார். ஆசிரியர் இல்லாத கருவியையும் அறிய முயலலாம் என்பதற்கு அடிகளின் உழைப்பே நம் நாட்டுச் சான்றாகும்.

இன்று நம் மாணவர் பலர் கையில் ஏந்த விரும்பும் நரம்புக் கருவி கிற்றார். பன்வில பகுதியின் தோட்டங்களில் வாழும் மாணவன் ஒருவன் முறையாக அதனைக் கற்க விரும்பின், வத்தேகமை வழியாகக் கண்டி நகருக்குப் பேருந்தேறிச் செல்லல் வேண்டும். பயணச் செலவும் ஆசிரியருக்குரிய கட்டணமும் எல்லார்க்கும் இயல்வன அல்ல. ஆதலால் அவன் கைத்தொலைபேசியின் திரையையே ஆசிரியனாகக் கொள்கின்றான். இது தகுமா, தகுமாயின் எவ்வாறு பயிலல் வேண்டும் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியின் இயல்பு

இன்றைய கிற்றாரின் வடிவத்தைப் பெரும்பாலும் அமைத்துத் தந்தவர் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்பானியக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோறெஸ் ஆவார். கருவியில் ஆறு தந்திகள் உள. தடித்த ஆறாந் தந்தி முதலாக அவை ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ என்னும் சுரங்களுக்குக் கூட்டப்பெறும். தடித்த தந்தி ஒரு வினாடியில் ஏறக்குறைய 82 முறையும், மெல்லிய முதற்றந்தி ஏறக்குறைய 330 முறையும் அதிரும். ஒன்று மற்றொன்றின் நான்கு மடங்காதலால், இரண்டற்கும் இடையே இரண்டு தாயிகள் அடங்குகின்றன.

யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். கிற்றாரிலோ, வீணையிற்போல, மெட்டுகள் உண்டு. ஒவ்வொரு மெட்டும் எஞ்சிய தந்தி நீளத்தில் ஏறக்குறைய 18இல் ஒரு பங்கைக் குறைக்கும். தந்தியின் நீளம் 650 மில்லிமீற்றராயின், முதல் மெட்டின் இடைவெளி 36 மில்லிமீற்றரளவும் பன்னிரண்டாவதன் இடைவெளி 19 மில்லிமீற்றரளவும் இருக்கும். பன்னிரண்டாம் மெட்டு தந்தியைச் சரிபாதியாகப் பிரித்து மேற்றாயிச் சுரத்தைத் தரும். மெட்டுகள் மேலே செல்லச் செல்ல ஏன் நெருங்குகின்றன என்று வியக்கும் மாணவனுக்கு, இது கணித பாடமும் ஆகும்.

கிற்றார் வாசிப்போர் ‘கோர்ட்’ என வழங்கும் சுரக்கூட்டு நம்மவர்க்கு விளங்காத மறைபொருள் அன்று. குரல், கைக்கிளை, இளி எனத் தமிழிசை வழங்கும் ச, க, ப ஆகிய மூன்றும் ஒருங்கே ஒலிப்பது அடிப்படைச் சுரக்கூட்டு. காந்தாரம் அந்தரமாயின் அது ‘மேஜர்’, சாதாரணமாயின் ‘மைனர்’. இவ்வொரு சுரத்தின் வேறுபாடே மகிழ்ச்சிக்கும் உருக்கத்திற்கும் உள்ள வேறுபாடாகப் பலர் செவிக்குப் புலனாகின்றது.

ஆசிரியர் அருகில்லாக் கல்வி

ஆசிரியரை நேரிற் காணாது இசை கற்றல் இணையத்தோடு தோன்றியதன்று. 1957இல் இங்கிலாந்தில் பேர்ட் வீடன் என்பார் ஒரே நாளிற் கிற்றார் வாசிக்கலாம் என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு பயிற்சிநூலை வெளியிட்டார். பின்னர் உலகப் புகழ் பெற்ற பீற்றில்ஸ் குழுவினர் உட்படப் பலர் இளமையில் அந்நூலைக் கொண்டு பயின்றனர். தமிழகத்தில் வானொலியின் இசைப் பயிற்சியைக் கேட்டுக் கீர்த்தனை பாடக் கற்றோரும் பலர்.

2003ஆம் ஆண்டில் தாஸ்மேனியாவிற் பிறந்த ஜஸ்டின் சாண்டர்கோ என்னும் கிற்றார் ஆசிரியர் தம் பாடங்களை இணையத்தில் இலவசமாக வழங்கத் தொடங்கினார். 2005இல் யூரியூப் தோன்றியபின் இத்தகைய பாடங்கள் பல மொழிகளிற் பெருகின. 2020 மார்ச்சில் நம் நாட்டுப் பாடசாலைகள் பெருந்தொற்றினால் மூடப்பட்டபொழுது, கைத்தொலைபேசி மலைநாட்டு இல்லங்களிலும் வகுப்பறையாயிற்று. அலைத்தொடர்பு கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறிய பிள்ளைகளை நாம் அறிவோம். பாடசாலை மீண்டும் திறந்தது. திரையிற் கற்கும் பழக்கமோ நிலைத்துவிட்டது.

திரைப் பாடத்தின் நன்மைகள் வெளிப்படை. ஒரே விளக்கத்தை நூறு முறை கேட்டாலும் அவ்வாசிரியர் சினங்கொள்ளார். விரல்களின் இருப்பை அண்மையிற் காட்டுவார். வேகத்தைப் பாதியாகக் குறைத்தும் பார்க்கலாம். எனினும் ஒரு பெருங்குறை உண்டு. மாணவன் ஆசிரியரைக் காண்கின்றான். ஆசிரியர் மாணவனைக் காண்கிலர். மாணவன் ஆசிரியரைக் கேட்கின்றான். ஆசிரியர் மாணவனைக் கேட்கிலர்.

துரோணரின் உருவை மண்ணாற் சமைத்து அதன்முன் வில் பயின்ற ஏகலைவனை இங்கே பலரும் எடுத்துக்காட்டுவர். ஆனால் ஏகலைவனுக்கு ஒரு துணை இருந்தது, அஃது இலக்கு. எய்த அம்பு தைத்ததா தவறியதா என்பதைக் கண் உடனே சொல்லிவிடும். இசைக்கு அத்தகைய கண்கூடான இலக்கு இல்லை. தவறிய சுரம் காற்றிற் கலந்து மறைகின்றது. செவி பயிலாதவன் தவறியதையே அறியான். அறியாத தவறே நாள்தோறும் பழகிப் பழக்கமாகின்றது. ஆகவே இணையவழிக் கல்வியில் விரலுக்கு முன் பயிற்சி பெறவேண்டியது செவி. வள்ளுவர் கல்விக்குப் போலவே கேள்விக்கும் தனி அதிகாரம் வகுத்தமை இங்கு நினைக்கத்தக்கது.

பயிலும் முறை

முதலாவது, சுருதி கூட்டல். கைத்தொலைபேசியிலுள்ள சுருதிகாட்டும் செயலி நன்று. எனினும் அதனையே நம்புதல் போதாது. ஆறாந் தந்தியின் ஐந்தாம் மெட்டில் எழும் ஒலி ஐந்தாந் தந்தியின் வெற்றொலியோடு ஒத்தல் வேண்டும். இவ்வாறே ஏனையவற்றையும் ஒப்பிடுக. மூன்றாந் தந்தியில் மட்டும் நான்காம் மெட்டைக் கொள்க. இரண்டொலியும் சிறிது மாறுபடின் அலை போன்ற ஒரு துடிப்புக் கேட்கும். அது மறையும்வரை முறுக்காணியைத் திருப்புக. செவிப் பயிற்சியின் முதற்படி இதுவே. நம் மலைப்பகுதியின் ஈரத்தாலும் பனியாலும் மரம் அசையும், தந்தி துருவேறும். ஆதலின் நாள்தோறும் சுருதி பார்த்தல் வேண்டும். வாசித்தபின் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்தல் வேண்டும்.

இரண்டாவது, சில சுரக்கூட்டுகளைத் தெளிவுறப் பழகுதல். ஏ, டீ, ஈ ஆகிய மூன்று போதும். விரல்நுனியை மெட்டின்மேல் வையாது, அதற்குச் சற்றுப் பின்னே அழுத்துக. பின்னர் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டிக் கேட்க. ஒன்று மழுங்கி ஒலித்தால், எந்த விரல் அதனைத் தீண்டுகின்றது என்று காண்க. விரல்நுனி சில கிழமைகள் நோவது இயல்பு. மணிக்கட்டோ தோளோ நொந்தால் அமரும் நிலை தவறென்று கொண்டு நிறுத்துக.

மூன்றாவது, மாற்றம். சாண்டர்கோ கற்பிக்கும் ‘ஒரு நிமிட மாற்றம்’ என்னும் பயிற்சி பயனுடையது. ஒரு சுரக்கூட்டிலிருந்து மற்றொன்றிற்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாறமுடிகின்றது என எண்ணிக் குறித்து வைத்தலே அப்பயிற்சி. நாளை அவ்வெண் இன்றையதினும் மிகும். மாணவனும் ஊக்கம் பெறுவான்.

நான்காவது, தாளம். காலால் தட்டியேனும் கைத்தொலைபேசியிலுள்ள தாளங்காட்டியை வைத்தேனும் மெதுவாகத் தொடங்குக. விரைந்து வாசித்து இடையில் நிற்பவனிலும், மெல்ல வாசித்து நில்லாது செல்பவனே பாடுவோனுக்குத் துணையாவான்.

ஐந்தாவதே தலையாயது. கிழமைக்கு ஒருமுறை தன் வாசிப்பைத் தன் தொலைபேசியிலேயே பதிந்து, மறுநாள் கேட்டல் வேண்டும். வாசிக்கும்பொழுது கவனம் விரலில் நிற்கும். கேட்கும்பொழுதுதான் செவி தனித்துத் தொழிற்படும். தன்னையே அயலான்போலக் கேட்கக் கற்றவன், திரை ஆசிரியரிடம் உள்ள குறையிற் பாதியைத் தானே நிறைவு செய்தவனாவான்.

பாடலைத் தெரிதல்

தொடக்கத்திலேயே அரிய பாடல்களை நாடி மனந்தளர்வோர் பலர். இலங்கையில் 1960களிலும் 1970களிலும் எழுந்த தமிழ்ப் பொப்பிசை இவ்வகையில் நமக்கு நல்ல களம். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய அப்பாடல்களுட் பல, சில சுரக்கூட்டுகளுக்குள் அடங்குவன. அவற்றின் பைலாத் துள்ளலும் நம் செவிக்குப் பழக்கமானது.

இராக இசையைக் கிற்றாரில் அமைக்கும்போது எச்சரிக்கை தேவை. சங்கராபரணமும் நடபைரவியும் மேனாட்டு மேஜர், மைனர் வரிசைகளோடு சுர அளவில் ஒத்திருத்தலின் சுரக்கூட்டை எளிதில் ஏற்கும். கமகத்தையே உயிராகக் கொண்ட தோடி போன்ற இராகங்களிற் சுரக்கூட்டைத் திணித்தால் இராகத்தின் முகம் மறையும். அத்தகைய இடத்தில் ஒற்றைத் தந்தியில் மெட்டிசையை வாசித்தலே சிறப்பு.

இசைஞானி இளையராஜாவின் பயிற்சியும் ஈண்டு எண்ணத்தக்கது. அவர் கிற்றாருக்குரிய தேர்வில் இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரி வாயிலாகத் தேறியவர். தேர்வு நடத்திய கல்லூரி கடல் கடந்து இருந்தது. ஆனால் மேனாட்டிசையைக் கற்பித்துத் திருத்திய தன்ராஜ் மாஸ்டர் சென்னையில் அருகிருந்தார். பாடமும் தேர்வும் தொலைவிலிருந்து வரலாம். திருத்துவோர் அண்மையில் இருத்தல் நலம்.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

மலைநாட்டு மாணவனுக்கு இணையம் பாடத்தைக் கொணர்ந்துவிட்டது. அது கொணராதது, அவன் வாசிப்பைக் கேட்கும் ஒரு செவி. முதல் மூன்று திங்களில் தன் வாசிப்பை எவரும் கேட்டு, ‘இவ்விடம் நன்று, இவ்விடம் திருத்துக’ என்று கூறாமையினால் கருவியைச் சுவரில் மாட்டிவிடும் இளைஞர் பலர். திறமைக் குறைவால் நேர்வதன்று இது, தனிமையால் நேர்வது.

கல்லூரி விழாக்களில் வாத்தியக் கருவிகளை அன்பளிப்பாக வழங்கும் பழைய மாணவர் நம் நன்றிக்குரியர். அவர்களுள் கிற்றாரோ வீணையோ வயலினோ அறிந்தோர், திங்களுக்கு இரு மணி நேரம் மண்டபத்தில் அமர்ந்து மாணவர் வாசிப்பைக் கேட்பாராயின், அதனினும் பெரிய கொடை பிறிதில்லை. வெளிநாட்டில் வாழ்வோரும், மாணவன் பதிந்தனுப்பும் ஒரு பாடலைக் கேட்டு நான்கு சொற்களில் மறுமொழி விடுக்கலாம். மாணவரும் இருவர் மூவராகக் கூடி, ஒருவர் வாசிப்பை ஒருவர் கேட்டுத் திருத்தலாம்.

கற்பிக்கும் வாய் இன்று உலகெங்கும் நிறைந்துள்ளது. கேட்கும் செவியை நாமே ஒருவர்க்கொருவர் அளிப்போமாக.